91-வது நாள் யார் வயலுக்குப் போவது?

வேலை பறிபோன தொழிலாளிக்கு எத்தனை நாள் உதவித்தொகை தர வேண்டும்? பொருளாதார நிபுணர்களைக் கேட்டால் நிதிநிலை, ஊக்கம், சோம்பல் என்று பேசுவார்கள். கம்மாபுரத்தில் எங்கள் தெருவில் கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்: "அந்தக் காசு நின்ன பிறகு யாரு வயலுக்குப் போறது?"

உதவித்தொகையின் காலம் பற்றிய விவாதத்தை இந்தக் கேள்வியில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அது எத்தனை நாள் என்பது, சாதிய ஊரின் பிடியில் இருந்து வெளியே வந்த ஒருவர் வெளியிலேயே நிற்க முடியுமா, பழைய வாசலுக்கே திரும்பிப் போக வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

எங்கள் பகுதியை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் செராமிக் தொழிலுக்குப் பேர்போன ஊர். பக்கத்திலேயே நெய்வேலிச் சுரங்கம், களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. செராமிக் தொழிற்பேட்டை வந்தது, செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிறுவனம் வந்தது. அகல் விளக்கு, பொம்மை, மின்சார பியூஸ் கேரியர், கழிவறைக் கோப்பை எல்லாம் இங்கே உருவாகின்றன. சுற்றியுள்ள கிராமங்களின் காலனிகளில் இருந்து ஆணும் பெண்ணும் காலை பஸ் பிடித்துப் போய் அச்சில் களிமண் கரைசல் ஊற்றுகிறார்கள், பிசிறு தேய்க்கிறார்கள், சூளை ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள்.

இந்த வேலை ஒன்றும் சொர்க்கம் இல்லை. தூசி, வெக்கை, பீஸ் கணக்கில் கூலி. ஆனாலும் எங்கள் ஆட்களுக்கு அது ஒரு பெரிய விடுதலையைக் கொடுத்தது. ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் நாலைந்து குடும்பங்கள், அவர்களுக்குள் உறவு. ஒருவரை எதிர்த்துப் பேசினால் நாலு பேர் வயலிலும் வேலை இல்லை. டவுனில் பட்டறைகள் பல. ஒரு முதலாளி மரியாதையில்லாமல் பேசினால் அடுத்த பட்டறைக்குப் போகலாம். கூலியைக் கையில் எண்ணி வாங்கலாம். யார் வீட்டுத் திண்ணைக்குக் கீழேயும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. "வேலையை விட்டுப் போகிறேன்" என்று சொல்ல முடிவதுதான் சுயமரியாதையின் முதல் படி. எங்கள் அப்பா தலைமுறைக்கு அந்தப் படியைக் கொடுத்தது சூளைதான்.

அந்தச் சூளைகள் இப்போது ஒவ்வொன்றாக அணைகின்றன. குஜராத்தின் மோர்பியில் இருந்து பெரிய ஆலைச் சரக்கு வருகிறது, சீனச் சரக்கு வருகிறது, எரிபொருள் விலை ஏறுகிறது. தமிழ்நாடு செராமிக்ஸ் என்ற அரசு நிறுவனமே மூடப்பட்ட பிறகு சின்னப் பட்டறைகளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? நெய்வேலியில் நிரந்தர வேலை என்பது எங்கள் தெருவுக்கு எப்போதுமே தூரம்; கிடைத்தால் ஒப்பந்தக் கூலி.

சென்னைக்கு வெளியே ஒரு கார் ஆலை மூடப்பட்டால் செய்தி வருகிறது. 2014-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை நின்றது, 2021-ல் மறைமலைநகர் ஆலையை மூடப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. ஃபோர்டின் நிரந்தரத் தொழிலாளர்கள் சங்கமாக நின்று போராடி, சட்டம் சொன்னதைவிடப் பல மடங்கு இழப்பீடு வாங்கினார்கள். அது அவர்கள் உரிமை. எங்கள் பட்டறையில் வேலை போவதற்கு அறிவிப்பே கிடையாது. "ஆர்டர் இல்லப்பா, வந்தா சொல்லி அனுப்பறேன்" என்பார்கள். அவ்வளவுதான். பட்டறை மூடியதாகக் காகிதம் இல்லை, ஆளை நீக்கியதாகக் கடிதம் இல்லை. சொல்லி அனுப்புவார்கள் என்று மாதக்கணக்கில் காத்திருக்கும் மனிதர், அரசின் கணக்கில் வேலை இழந்தவரே இல்லை.

சரி, சட்டம் என்னதான் தருகிறது? எண்ணிப் பார்ப்போம்.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-ல் ஒரு விதி சேர்த்தார்கள். தற்காலிகமாக வேலை நிறுத்தி வைக்கப்பட்டவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி இழப்பீடு. பொதுவாக 12 மாதத்தில் 45 நாளுக்கு. ஆனால் 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு இந்த விதி பொருந்தாது. பதிலி ஆளுக்கும் தற்செயல் தொழிலாளிக்கும் கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுத் தொகுப்பிலும் அதே பாதி, அதே 45, அதே 50 பேர். மாறியது வேறொன்று: ஆலையை மூட அரசின் அனுமதி தேவை என்ற எல்லை 100 தொழிலாளர்களில் இருந்து 300-க்குப் போய்விட்டது.

நிரந்தரமாக ஆட்குறைப்புச் செய்தால் வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். அதற்கு ஆண்டில் 240 நாள் வேலை செய்ததை நிரூபிக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் பேரே இல்லாத பீஸ் ரேட் தொழிலாளி எதை வைத்து நிரூபிப்பது? புதிய தொகுப்பு 'மறுதிறன் நிதி' என்று இன்னொரு 15 நாள் சம்பளத்தைத் தருகிறது. இருபது ஆண்டு சூளையில் நின்றவர், 15 நாள் கூலியில் புதுத் தொழில் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

அடுத்தது இ.எஸ்.ஐ. இந்தச் சட்டம் 1948-ல் வந்தது. அதற்கு அடித்தளமான அடார்கர் அறிக்கை, அண்ணல் அம்பேத்கர் வைசிராய் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், 1944-ல் தயாரானது. ஆனால் வேலையிழப்புக்கான உதவி இ.எஸ்.ஐ.க்குள் வர 2005 வரை ஆனது. அன்று வந்த ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டத்தில், ஆலை மூடப்பட்டோ ஆட்குறைப்பாலோ வேலை போனவருக்கு இன்று அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் வரை உதவி உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முறைப்படி மூடப்பட்டதற்கோ ஆட்குறைப்புக்கோ ஆதாரம் வேண்டும். "சொல்லி அனுப்பறேன்" என்ற வார்த்தையை எந்த இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் ஆதாரமாகக் காட்டுவது?

2018 ஜூலையில் வந்தது அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம். முதலில் சம்பளத்தில் கால் பங்கு. கொரோனா ஊரடங்கின்போது பாதியாக உயர்த்தினார்கள். எத்தனை நாள்? 90 நாள். எத்தனை முறை? வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அதுவும் சட்டப்படியான நிரந்தர உரிமையாக இல்லை; அவ்வப்போது தேதி நீட்டிக்கப்படும் திட்டமாகவே ஓடுகிறது. மாதம் 12,000 ரூபாய் வாங்கியவருக்கு மாதம் 6,000. மூன்று மாதத்துக்கு 18,000. அதோடு அவர் ஆயுசுக்கான கணக்கு முடிந்தது. 30 வயதில் ஒரு முறை வாங்கியவர், 45 வயதில் இன்னொரு பட்டறை மூடினால் கேட்க முடியாது. அதற்கும் இ.எஸ்.ஐ. பதிவு வேண்டும், இ.எஸ்.ஐ. பொதுவாக 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான். எட்டு பேர் வேலை செய்யும் பட்டறையில் இருப்பவருக்கு இந்தக் கதை முழுவதுமே அடுத்த வீட்டுச் சமையல்.

இப்போது 90 நாளுக்கு வருவோம். 90 நாளில் இன்னொரு வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் அந்த எண் நிற்கிறது. யாருக்குக் கிடைக்கும்?

வேலை இங்கே பெரும்பாலும் விளம்பரத்தில் வருவதில்லை. மாமா சொல்லி வருகிறது, சங்கத்தலைவர் சொல்லி வருகிறது, கல்யாண வீட்டுப் பந்தியில் வருகிறது. சொந்த சாதியில் பட்டறை முதலாளியும் மில் மேலாளரும் கான்டிராக்டரும் இருப்பவருக்கு 90 நாள் தாராளம். வேலை வரும்வரை வீட்டில் நெல் இருக்கும், அடகு வைக்க நிலப்பத்திரம் இருக்கும். இரண்டும் இல்லாதவர் அதே 90 நாளில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருப்பார். தட்டிய கதவும் சமமாகத் திறப்பதில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். ஆதிக்க சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. பட்டம் பெற்றவர்களுக்கே இந்த நிலை. விண்ணப்பமே போடாத சூளைத் தொழிலாளிக்கு "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்ற ஒரு கேள்வி போதும்.

அண்ணல் இதை 1936-லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கிவிட்டார். ஒரு தொழில் நசிந்தால் மனிதர்கள் அடுத்த தொழிலுக்கு மாற வேண்டும். சாதி அந்த மாற்றத்தைத் தடுக்கிறது. ஆகவே சாதியே வேலையின்மைக்கு ஒரு நேரடிக் காரணம் என்றார். இந்த வாதத்தை ஒப்புக்கொண்டால் அடுத்த முடிவையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். வேலை தேடும் காலத்தைச் சாதி நீட்டுகிறது என்றால், உதவித்தொகையின் காலமும் நீண்டே ஆக வேண்டும். எல்லோருக்கும் ஒரே 90 என்பது சமத்துவம் போலத் தெரியும். ஓட்டப்பந்தயத்தில் கோட்டை வேறு வேறு இடத்தில் போட்டுவிட்டு எல்லோருக்கும் ஒரே கடிகாரத்தைக் காட்டும் வேலை அது.

91-வது நாள் என்ன ஆகும்? எங்கள் பக்கத்தில் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் ஆள் பிடிக்கும் தரகர்களுக்கு எந்த வீட்டில் அடுப்பு அணைந்திருக்கிறது என்பது சரியாகத் தெரியும். முன்பணம் கொடுப்பார்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் மளிகைக் கடைப் பாக்கிக்கும் அந்தப் பணம் போய்விடும். பிறகு கடன் தீரும்வரை குடும்பத்தோடு போய் அங்கேயே கிடக்க வேண்டும். கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் கொத்தடிமைத்தனம் தொடங்கும் இடம், கையில் காசு இல்லாத அந்த ஒரு வாரம். அந்த வாரத்தைக் கடக்க உதவாத அரசு, பிறகு அதிகாரிகளை அனுப்பி 'மீட்டு' என்ன பயன்?

இன்னொரு வழி, ஊர் வயல். எங்கள் தெருவில் ஓர் அக்கா, ஒரு சின்னப் பட்டறையில் பல ஆண்டுகள் பினிஷிங் வேலை பார்த்தவர். ஆர்டர் நின்றது. அவர் என்னிடம் சொன்னது இது: "நடவுக்குப் போறது கேவலம்னு சொல்லல தம்பி. எங்கம்மாவை வாடி போடின்னு கூப்பிட்ட வாயி, என்னையும் அப்படித்தான் கூப்பிடும். அது கேக்கக் கூடாதுன்னுதான பஸ் ஏறுனேன்." விவசாயக் கூலி வேலை இழிவானது இல்லை. அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வரும் ஆண்டான்-அடிமை உறவு இழிவானது. கூலி உயர்வு கேட்டால், பொதுப்பாதையில் நடந்தால், திருவிழாவில் உரிமை கேட்டால், "காலனி ஆள் யாருக்கும் வேலை கொடுக்காதே" என்ற ஊர்க்கட்டுப்பாடுதான் ஆதிக்கத்தின் பழைய ஆயுதம். பொருளாதாரப் புறக்கணிப்பை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. வெளியே ஒரு வருமானம் இருந்தால்தான் அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் காவல் நிலையப் படி ஏற முடியும். இல்லாவிட்டால் சட்டம் புத்தகத்தில் இருக்கும், சாப்பாடு அவர்கள் கையில் இருக்கும்.

"மாதக்கணக்கில் காசு கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள்" என்ற வாதம் உடனே வரும். இந்த வாதத்தின் வயது நமக்குத் தெரியும். உழைத்தே தேய்ந்த சாதிகளைப் பார்த்து உழைக்காத சாதிகள் காலங்காலமாகச் சொல்லிவரும் வார்த்தை இது. பாதிச் சம்பளத்தில், 6,000 ரூபாயில், வாடகையும் கட்டி யாரும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட மாட்டார்கள். அந்தக் காசு ஒன்றே ஒன்றைத்தான் செய்யும்: முதலில் நீட்டப்படும் கேவலமான வேலைக்குத் தலையாட்டாமல், அடுத்து வரும் நல்ல வேலைக்குக் காத்திருக்க வைக்கும். முதலாளிகளுக்கு முதலீட்டு மானியம், மின்கட்டணச் சலுகை, முத்திரைத்தாள் விலக்கு என்று ஆண்டுக்கணக்கில் கொடுக்கும்போது, இதனால் மூலதனம் சோம்பேறியாகிவிடுமே என்று யாரும் கவலைப்படுவதில்லை.

"நூறு நாள் வேலை இருந்ததே" என்பார்கள். அந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், கேட்ட 15 நாளில் வேலை தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கும் அதன்பின் பாதியும் படியாகத் தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் படியை வாங்கிய ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. அதோடு, சூளையில் கைத்திறன் பெற்ற தொழிலாளியை மண்வெட்டி எடுக்கச் சொல்வது பசிக்கு உதவும். அவர் திறனுக்கு உதவாது.

நீண்ட கால உதவி நடைமுறைக்கு ஒத்துவராது என்பதும் உண்மையில்லை. நம் மாவட்டத்துக் கடற்கரையையே பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்தக் காலத்துக்குத் தமிழ்நாடு அரசு மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் தருகிறது; 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்கினார்கள். தொகை போதாது என்பது வேறு விவாதம். கடலுக்குப் போக முடியாத காலத்துக்கு உதவி உண்டு என்ற கொள்கையை அரசு ஏற்றிருக்கிறது. அடைபட்டது கடலாக இருந்தாலும் சூளையாக இருந்தாலும் பசி ஒன்றுதான்.

ஆளுக்கு ஆள் காலம் மாறுபடலாம் என்பதும் இங்கே புதிதில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் இளைஞர்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் உதவித்தொகை மாதம் 200 முதல் 600 ரூபாய் வரை, அற்பத் தொகைதான். ஆனால் அதன் அமைப்பைக் கவனியுங்கள். பொதுவாக மூன்று ஆண்டு, மாற்றுத்திறனாளிகளுக்குப் பத்து ஆண்டு. வயது வரம்பு மற்றவர்களுக்கு 40, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45. சிலருக்குக் கதவு தாமதமாகத்தான் திறக்கும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியில் வேலையிழப்புக் காப்பீடு பொதுவாக ஓராண்டு, 58 வயதைத் தாண்டியவர்களுக்கு 24 மாதம் வரை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1988-ஆம் ஆண்டு உடன்படிக்கை, குறைந்தது பாதிச் சம்பளமும், ஒவ்வொரு முறை வேலை இழக்கும்போதும் தொடக்கத்தில் 26 வாரமும் தரச் சொல்கிறது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை.

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

முதலாவது, வேலை இழந்தவருக்கு ஓராண்டு பாதிச் சம்பளம். பட்டியல் சாதி, பழங்குடித் தொழிலாளர்களுக்கும் 45 வயதைக் கடந்தவர்களுக்கும் இரண்டு ஆண்டு. வாழ்நாளில் ஒரு முறை என்ற விதி ஒழிய வேண்டும். தேதி நீட்டிக்கும் திட்டமாக இல்லாமல் சட்ட உரிமையாக வேண்டும்.

இரண்டாவது, 10 பேர், 50 பேர் என்ற தலைக்கணக்கு போக வேண்டும். இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்களுக்கு மாநில அரசே நல வாரியங்கள் வழியாக நிதி ஒதுக்கட்டும். வேலை பார்த்ததற்குச் சான்றாக வங்கிக் கணக்கில் வந்த கூலியையும் சக தொழிலாளர்களின் சாட்சியத்தையும் ஏற்க வேண்டும். 30 நாள் வேலைக்கு அழைக்காவிட்டால் அதையே வேலையிழப்பாகக் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, இதுதான் எனக்கு முக்கியம். பல நாடுகளில் 'பொருத்தமான வேலை'யை மறுத்தால் உதவி நிறுத்தப்படும். இங்கே அந்த விதி வந்தால், சாதித் தொழிலும் முன்பணத்தால் கட்டிப்போடும் வேலையும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழான வேலையும் பொருத்தமான வேலை ஆகாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். கழிவறைக் கோப்பை செய்த கையிடம், கோப்பை விற்கவில்லை, போய்க் கழிவறை கழுவு என்று எந்த அதிகாரியும் சொல்லக் கூடாது.

நான்காவது, உதவி பெறும் காலத்தில் பயிற்சி. விருத்தாசலத்தில் அரசு செராமிக் கல்வி நிறுவனம் இருக்கிறது. அதன் பட்டறைகளை மாலை நேரத்தில் இந்தத் தொழிலாளர்களுக்குத் திறந்துவிடலாம்.

இதைப் படிக்கும் இளைஞர்களில் பலர் சூளையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது உங்களில் சிலருக்குத் தூக்கம் போயிருக்கும். மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ.யும் இல்லை, இந்த 90 நாளும் இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகக் கல்விக்கடன் வாங்கி அங்கே போனவருக்கும் சூளைத் தொழிலாளிக்கும் இடையில் நாம் நினைப்பதைவிடத் தூரம் குறைவு. இருவருக்கும் பின்னால் நிலம் இல்லை, இருவருக்கும் முன்னால் கடன்.

இட ஒதுக்கீட்டைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், பேச வேண்டும். அது உள்ளே நுழையும் கதவு. வெளியே தள்ளப்படும்போது எங்கே விழுகிறோம் என்பதையும் அதே வேகத்தோடு பேசியாக வேண்டும். தொழிற்சங்கங்கள் இதை வெறும் கூலிக் கோரிக்கையாகவும், சாதி ஒழிப்பு இயக்கங்கள் இதைத் தொழிற்சங்க விவகாரமாகவும் ஒதுக்கி வைத்தது போதும். அடுத்த மே தின ஊர்வலத்தில் 'வேலை இழந்தால் ஓராண்டு பாதிச் சம்பளம்' என்ற பதாகை நீலக்கொடியோடும் செங்கொடியோடும் கருப்புக்கொடியோடும் சேர்ந்தே வரட்டும்.

ஜெய் பீம்.